பூயோன் ஷார்த்தியே: உணவோடு பிரெஞ்சு வழக்கங்களும்

பாரிஸின் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் 1896 முதல் இயங்கிவரும் பூயோன் ஷார்த்தியே உணவகம், உழைக்கும் மக்களுக்குக் குறைந்த விலையில் வயிறார உணவளிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு கற்பவர்களுக்கோ, உணவைவிட அங்குள்ள நடைமுறைகளே பெரிய விருந்து என்பேன். கூட்டமான நேரத்தில் முன்பின் அறியாதவர்களுடன் ஒரே மேசையில் அமர்த்துவார்கள். அவர்களுக்கும் பரிமாற வருபவருக்கும் முதலில் 'போன்ழூர்' சொல்லிவிட வேண்டும். வணக்கமின்றி நேராகக் கேட்கத் தொடங்குவது பிரான்ஸில் மரியாதைக் குறைவு. கருப்பு வெயிஸ்ட்கோட்டும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த பணியாளர், நாம் கேட்டவற்றை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதி, இறுதியில் அங்கேயே கூட்டியும் காட்டுவார். ரொட்டிக்கும், 'கராஃப் தோ' என்று கேட்டு வாங்கும் குழாய்த் தண்ணீருக்கும் தனிக் கட்டணம் இல்லை (நாடெங்கும் இதுவே வழக்கம்). சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை.

பக்கத்து இருக்கைப் பேச்சில் கொச்சை மொழி தாராளமாகக் காதில் விழும்: 'தெரியாது' என்பதற்கான பாடநூல் தொடர் 'ஷே பா' என்று சுருங்கிவிடும், சாப்பாடு 'பூஃப்' ஆகிவிடும். அவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பணியாளரிடம் மட்டும் 'வூ' என்ற மரியாதை விளியைக் கைவிடக் கூடாது. முட்டை மயோனெஸ் போன்ற எளிய பண்டங்களே இங்கு சிறப்பு. நுட்பமான சமையலைத் தேடுவோர் வேறிடம் பார்க்கலாம். வாசலில் வரிசை நீளும் என்பதால், மதிய உணவு வேளைக்குச் சற்று முன்னதாகவே செல்வது நல்லது.