வெள்ளை சிமெண்டா, பாலிமர் கிரவுட்டா, எபாக்சியா? கொங்கு வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் வீடு கட்டுபவர்கள் டைல்ஸ் வாங்குவதற்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். டைல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் கிரவுட்டைப் பற்றிய முடிவை மட்டும் மேஸ்திரியிடமே விட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் கறுத்துப்போவதும், பொடிந்து உதிர்வதும், குளியலறைத் தண்ணீரைக் கீழே கசியவிடுவதும் பெரும்பாலும் அந்த இடைவெளிகள்தான் என்பதால், இந்தத் தேர்வுக்கும் டைல்ஸுக்குத் தரும் அளவு கவனத்தைத் தரவேண்டும்.

மிக மலிவானது, வெள்ளை சிமெண்டில் ஆக்சைடு நிறப்பொடியைக் கலந்து பூசும் பழைய முறை. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், எல்லா மேஸ்திரிகளுக்கும் கைவந்த வேலை என்பவை இதன் சாதகங்கள். ஆனால் இதில் பிடிப்பையும் நெகிழ்வையும் கூட்டும் பாலிமர் இல்லாததால், காயும்போது சுருங்கி நூலளவு வெடிப்பு விடுகிறது, தண்ணீரையும் உறிஞ்சுகிறது. நிறப்பொடியைக் கண்ணளவாகப் போடுவதால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு சாயலில் அமைகிறது. ஈரம் படாத உட்சுவரைத் தவிர வேறெங்கும் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பையில் வரும் பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட் இதைவிடப் பல படி மேலானது. இடைவெளி 3 மி.மீ. வரை இருந்தால் மணல் இல்லாத வகையையும், அதற்கு மேல் அகன்றால் மணல் கலந்த வகையையும் வாங்க வேண்டும்; மாற்றிப் போட்டால், அகன்ற இடைவெளியில் முதல் வகை வெடிக்கும், குறுகிய இடைவெளிக்குள் இரண்டாவது வகை சரியாக இறங்காது. பையில் ஐ.எஸ்.ஓ. 13007 என்ற பன்னாட்டுத் தரக்குறி இருந்தால், சி.ஜி.1 என்பது சாதாரண சிமெண்ட் கிரவுட்டையும், சி.ஜி.2 என்பது நீர் உறிஞ்சுதல் குறைவு, தேய்மானம் தாங்குதல் போன்ற கூடுதல் பண்பு உள்ளதையும் குறிக்கும். இருந்தாலும் அடிப்படையில் இதுவும் சிமெண்ட்தான். புளி, எலுமிச்சை, மோர் ஆகியவற்றின் புளிப்பு இதை மெல்ல அரிக்கும். மஞ்சள் கறை ஊறிவிடும். குளியலறை கழுவ ஊற்றும் ஆசிட், கறையோடு கிரவுட்டின் மேல்தோலையும் சேர்த்தே கரைத்துவிடும்.

ரெசின் (பிசின்), ஹார்டனர் (அதை இறுகச் செய்யும் பொருள்), நிரப்புப் பொடி என மூன்று பகுதிகளாக வரும் எபாக்சிக்கு (தரக்குறி ஆர்.ஜி.) இந்தக் குறைகள் ஏறக்குறைய இல்லை. அதன் பலவீனங்கள் வேறு: வெயில் படும் இடத்தில் வெளிர் நிறங்கள் மஞ்சளாக மாறும், பூசியவுடன் துடைக்காவிட்டால் டைல்மேல் படலம் படிந்து எளிதில் போகாது, விலையும் பல மடங்கு. ஆயினும் விலையைக் கேட்டுப் பின்வாங்குபவர்கள் தேவைப்படும் அளவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி டைல், 3 மி.மீ. இடைவெளி, 8 மி.மீ. ஆழம் என்று கொண்டால், 40 சதுர அடிக் குளியலறைத் தரைக்கு ஏறத்தாழ 1 கிலோவே போதும். இரண்டடி டைல் என்றால் தேவை இன்னும் குறையும். தரையை உடைத்து மறுபடி போடும் செலவின் முன் இது சிறிய தொகை.

எந்த வகையாயினும் கலக்கும் முறை தவறினால் பயனில்லை. சிமெண்ட் கிரவுட் கலவைக்கு அளவு மீறிய தண்ணீரே பெரிய எதிரி. இறுகிவிட்ட கலவையில் மேலும் தண்ணீர் தெளித்து இளக்குவது வேலையிடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அதுதான் பிறகு கிரவுட் பொடிவதற்கும் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதற்கும் முதன்மைக் காரணம். பையில் குறித்த அளவுத் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு அதில் பொடியைக் கொட்டிக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி கலக்கிய பிறகே பூச வேண்டும். இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றில் வருவது சப்பைத் தண்ணீர். அதிலுள்ள உப்பு, காய்ந்தபின் கோடுகளின் மேல் வெண்பூச்சாகப் படியக்கூடும். சிறுவாணி, அத்திக்கடவு போன்ற குடிதண்ணீரில் ஒரு வாளியைக் கலவைக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாள்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கிரவுட் வெகு விரைவில் வறண்டுவிடுமாதலால், சன்னல்களைச் சாத்திவிட்டுப் பூசி, மறுநாளிலிருந்து மூன்று நாள் ஈரத்துணியால் ஒற்றிவர வேண்டும்.

எபாக்சிக்கு வெப்பமே எதிரி. கரூர், ஈரோட்டுக் கோடையில் அது வாளிக்குள்ளேயே கெட்டியாகிவிடும்; ஆகவே விடியற்காலையில் சிறிதாகக் கலந்து, குவித்து வைக்காமல் தட்டில் பரப்பிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பாதியளவு கலப்பதானால் ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். விகிதம் பிசகினால் அது ஒருபோதும் முழுதாக இறுகாது.

என் தேர்வு இதுதான்: சமையல் மேடையின் பின்சுவருக்கும் குளியலறைத் தரைக்கும் எபாக்சி, அறைகளுக்கும் ஆசாரத்துக்கும் (கூடத்துக்கும்) வெயில் படும் வாசலுக்கும் சி.ஜி.2 வகை. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் இந்த மூன்றையுமே தவிர்த்து, கட்டடத்தின் அசைவுக்கு ஈடுகொடுக்கும் சிலிகான் சீலண்டைப் பூச வேண்டும்.