குழாய்ப் பள்ளத்துக்குக் காவலாக ஒரு தொல்லியலாளர்: அயர்லாந்தின் கண்காணிப்புச் சேவை காசுக்குத் தகுமா?

அயர்லாந்தின் கிராமப்புறத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க டெண்டர் எடுத்தால், பைப், வால்வு, ஹைட்ரண்ட் என்று போகும் பட்டியலில் 'தொல்லியல் கண்காணிப்பு' என்றும் ஒரு வரி வருவதுண்டு. மண் வெட்டும்போது தொல்லியலாளர் ஒருவர் கூடவே நின்று பார்ப்பார். பழைய தடயம் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்வார். சேவை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஊர்க்காரர்களே கூடி நடத்தும் குழுக் குடிநீர்த் திட்டமானாலும் சரி, அரசின் தண்ணீர் நிறுவனமானாலும் சரி, வழித்தடம் பதிவுபெற்ற தொல்லிடத்தின் பக்கம் போனால் இந்தச் செலவிலிருந்து தப்புவது கடினம்.

இந்த ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பனையில் இருக்கிறது. ஒன்றில், பள்ளம் தோண்டுவதற்கு முன்பே வேலைப்பட்டையின் (குழாய் வழியில் வேலைக்காக ஒதுக்கிய நிலத்தின்) முழு அகலத்துக்கும் மேல்மண்ணை வழித்து, தொல்லியலாளர் பார்த்து முடித்த பிறகே குழாய்க்காரர்கள் உள்ளே வருவார்கள். மற்றதில், பைப் பதிக்கும் ஆட்கள் தங்கள் வேகத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டே போக, தொல்லியலாளர் ஓரமாக நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதலாவதுக்கு 5க்கு நாலரை தரலாம். இரண்டாவதுக்கு ஒன்றரையே அதிகம்.

காரணம் எளிது. கிளைக்குழாய்க்கான பள்ளம் பெரும்பாலும் 300 முதல் 450 மி.மீ. அகலம்தான். குழாய்க்கு மேல் 750 முதல் 900 மி.மீ. மண் இருக்க வேண்டும் என்பதால், ஆழம் ஒரு மீட்டரைத் தொடும். அந்த இடுக்கில் தரையைப் பார்க்கவே முடியாது, இரண்டு பக்கச் சுவர்தான் தெரியும். அதையும் பல்லுள்ள பக்கெட் கீறிப் பூசிவிட்டுப் போயிருக்கும். 2 மீட்டர் அகலமுள்ள பழங்கால அகழி குறுக்கே ஓடினால் சுவரில் ஒருவேளை தெரியும். 30 செ.மீ. விட்டமுள்ள கம்பக்குழிகள் (பழைய கட்டடத்தின் மரக்கம்பம் நட்ட குழிகள்) வரிசையாக இருந்தால், பள்ளம் அவற்றுக்கு நடுவே புகுந்து போய்விடும். அறிக்கையில் 'தொல்லியல் முக்கியத்துவம் உள்ள எதுவும் காணப்படவில்லை' என்று வரும். அது பொய்யல்ல. ஆனால் இல்லாததால் காணவில்லையா, பார்க்க முடியாததால் காணவில்லையா என்பதற்கு அந்த வரியில் விடை கிடையாது. சங்கிலிப் பல்லால் மண்ணை அறுக்கும் செயின் டிரெஞ்சர், மண்ணைக் கீறிக் குழாயை உள்ளே இழுக்கும் மோல் ப்ளௌ போன்றவற்றால் பதித்தால் அந்த இடுக்கும் இல்லை. மண் பொடியாகத்தான் வெளியே வரும், அல்லது வரவே வராது. அதற்கு நாள் கூலி கொடுத்து ஆள் நிறுத்துவது வீண்.

நல்ல வகை எப்படி நடக்கும்? 13 டன் எக்ஸ்கவேட்டர் (நம்மூர் சைட்டில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதற்கு ஹிட்டாச்சி என்றே பெயர்), அதில் 1.5 முதல் 1.8 மீட்டர் அகலமுள்ள, பல்லில்லாத வழுவழுப்பான பக்கெட். வண்டி பின்னோக்கி நகர்ந்தபடி வழிக்க வேண்டும், வழித்த தரையில் டிராக் ஏறவே கூடாது. ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. மேல்மண் சாதாரணமாக 20 முதல் 40 செ.மீ. இருக்கும். அடர்பழுப்பு மாறி மஞ்சளோ சாம்பலோ கலந்த களிமண் எட்டிப்பார்த்ததும் ஆபரேட்டர் கையை நிறுத்த வேண்டும். அந்தச் சந்திப்புக் கோட்டில்தான் எல்லாம் தெரியும், 10 செ.மீ. கூடுதலாக இறங்கினால் கம்பக்குழியின் பாதி போய்விடும், குறைவாக நின்றால் எல்லாமே பழுப்பாகத் தெரியும். இதில் கைதேர்ந்த ஆபரேட்டர் கிடைப்பது தொல்லியலாளர் கிடைப்பதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவிப்பது நில உரிமையாளருக்கும் வேண்டியதுதான், அதனால் அதில் தகராறு வருவதில்லை. ஒரு வண்டிக்கு ஒரு தொல்லியலாளர் என்ற கணக்கில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு வயல் தள்ளி ஓடும் இரண்டு வண்டிகளை ஒருவரே பார்த்துக்கொள்வார் என்று விலைப்புள்ளியில் இருந்தால், ஒன்றை யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

குழாய் வழியில் அடிக்கடி தட்டுப்படுவது ஃபுலாக்ட் ஃபியா. கல்லைச் சுட்டுத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்த இடம். பெரும்பாலும் வெண்கலக் காலத்தவை, நாடு முழுவதும் 7,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. ஓடையோரம், சதுப்பு விளிம்பு என்று தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்தே இவை அமைந்தன. ரோட்டை விட்டு இறங்கித் தாழ்வான நிலம் வழியே போகும் குழாயும் அங்கேதான் போகிறது. வழித்த தரையில் கரிக்கறுப்பாக ஒரு திட்டு. அதில் முட்டை அளவு கற்கள், கையில் எடுத்தால் கூரான விளிம்போடு உதிரும், சில செம்மை ஏறியிருக்கும். திட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருந்த குழி இருக்கலாம், ஈரம் காயாத மண்ணானால் அதன் பலகைகூட மிஞ்சியிருக்கும். அனுபவமில்லாத ஆள் இதைப் பழைய சதுப்பு மண் என்று தள்ளிவிடுவார். எதிர்த் தவறும் நடக்கும்: 19ஆம் நூற்றாண்டில் கல் நிரப்பிப் போட்ட வயல் வடிகாலை அகழி என்று நினைத்து அரை நாள் வீணாக்குவது, மரம் வேரோடு சாய்ந்த பள்ளத்தைக் குழி என்று வரைவது. ஆளைத் தேர்வு செய்யும்போது பனியாற்றுக் களிமண்ணில் (பனியாறு விட்டுச்சென்ற, கல் கலந்த அடிமண்ணில்) எத்தனை பருவம் வேலை பார்த்தவர் என்று கேளுங்கள். பட்டத்தைவிட அது முக்கியம்.

வேலைக்கு முந்தைய மேசை ஆய்வில் கஞ்சத்தனம் வேண்டாம். 1840-ஐ ஒட்டிய காலத்தின் ஆறு அங்குல வரைபடம், பதிவுபெற்ற தொல்லிடப் பட்டியல், வான்படம், தேசிய அருங்காட்சியகக் கோப்புகள் ஆகியவற்றோடு ஊர்ப்பெயரும் சாட்சி சொல்லும். 'ராத்', 'லிஸ்' என்று தொடங்கினால் வட்டக்கோட்டை (வட்டமான மண்கரைக்குள் இருந்த பழைய குடியிருப்பு), 'கில்' என்றால் பெரும்பாலும் தேவாலயம் (சில இடங்களில் காடு என்றும் பொருள்). பட்டியலில் உள்ள தொல்லிடத்தில் வேலை செய்வதானால் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாத எழுத்துப்பூர்வ முன்னறிவிப்பு வேண்டும். அகழாய்வு உரிமம் 1930 சட்டத்தின் 26ஆம் பிரிவின் வழிவந்தது. நிறுவனத்துக்கு அல்ல, தனிநபருக்கே தரப்படுவது. ஆள் மாறினால் காகிதமும் மாற வேண்டும். 2023இல் வந்த புதிய சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால், எந்த ஏற்பாடு இப்போது செல்லும் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். மெட்டல் டிடெக்டருக்குத் தனி அனுமதி உண்டு. சைட் ஆள் யாராவது ஞாயிற்றுக்கிழமை அதோடு வந்தால் திட்டத்துக்கே வில்லங்கம்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2010இல் திருத்திய தொல்லிடச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாக்கியது. ஆனால் 'கட்டுமானம்' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பொதுமக்களுக்கான குடிநீர் வேலைகள் சேராது. குழாய்க்குத் தோண்டும்போது தாழி உடைந்த பிறகு வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லி அனுப்பும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், அந்த ஒன்றரைகூடப் பரவாயில்லை.

பணத் தகராறு வரும் இடம், ஏதாவது கிடைத்த நாள். நல்ல குழு அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, வண்டியை அடுத்த வயலுக்கு அனுப்பும். குழாயில் ஒரு இடைவெளி விட்டு, பிறகு எலக்ட்ரோஃப்யூஷன் கப்ளர் (மின்சூட்டில் உருக்கி ஒட்டும் இணைப்பு) போட்டு இணைத்துக்கொள்ளலாம். வழித்தல் பைப் ஆட்களைவிடச் சில நாள் முந்தி ஓடினால்தான் இது நடக்கும். பின்னாலேயே ஒட்டி வந்தால் மொத்தக் குழுவும் கைகட்டி நிற்கும். அந்தச் சும்மா நிற்கும் வாடகை யார் தலையில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் கசப்பு நிச்சயம். அகழாய்வு, கார்பன் காலக்கணிப்பு, பொருள் பாதுகாப்பு, இறுதி அறிக்கை இவையெல்லாம் நாள் கூலியில் அடங்காது, தற்காலிகத் தொகையாக (தேவைப்பட்டால் மட்டும் செலவாகும் உத்தேசத் தொகையாக) தனியே ஒதுக்க வேண்டும். நாள் கூலி மலிவாக இருக்கும் விலைப்புள்ளியில் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் இதுதான்.

தடயத்தைத் தவிர்க்க அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுப் போகலாம் என்பார்கள். நல்ல வழிதான். ஆனால் துளை தொடங்கும் குழியும் முடியும் குழியும் மண்ணை வெட்டித்தான் ஆக வேண்டும், துளையிட ஊற்றும் பென்டோனைட் களிமண் குழம்பு நடுவில் பீறிட்டு மேலே வரவும் கூடும். அந்த இரண்டு குழிகளையும் கண்காணிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சேவையில் வழக்கமாக விடுபடுவது சேம்பர் (குழாயின் கருவிகளை வைக்கும் நிலத்தடித் தொட்டி) குழிகள். வால்வு, ஏர் வால்வு, மீட்டர் சேம்பர்களுக்கான குழி பள்ளத்தைவிட அகலம், ஆழமும் கூடுதல். இவற்றைப் பெரும்பாலும் குழாய் பதித்துச் சில வாரம் கழித்து, தொல்லியலாளர் கணக்கு முடித்துக் கிளம்பிய பிறகு, ஒரு சின்ன வண்டியும் இரண்டு ஆளுமாக வந்து வெட்டுவார்கள். விலைப்புள்ளியில் சேம்பர்களின் எண்ணிக்கையைத் தனி வரியாகப் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் திரும்பி வரும் நாளைச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.