அரக்கு, என்.சி. லேக்கர், எண்ணெய்: கிட்டார் மேற்பூச்சில் எது எங்கே?

டிரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட ஒரு கிட்டாரின் மேல்பலகை ஏறத்தாழ 1,500 சதுர சென்டிமீட்டர். ஸ்ப்ரூஸ் மரத்தை 2.8 மி.மீ. கனத்துக்கு இழைத்தால் அது 175 கிராம் அளவில் நிற்கும். அதன்மேல் என்.சி. லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸைத் தின்னரில் கரைத்த ஸ்பிரே பூச்சு) 0.1 மி.மீ. காய்ந்து படிந்தால் சுமார் 18 கிராம் கூடுகிறது, அதாவது பலகை எடையில் பத்தில் ஒரு பங்கு. துணியால் தேய்த்து ஏற்றும் அரக்கு (ஷெல்லாக்) பாலிஷ் 0.03 மி.மீ. இருந்தாலே போதும், 5 கிராம்தான். உள்ளே பலகையைத் தாங்கும் பிரேஸ் கட்டைகளைச் சீவிச் சீவி ஓரிரு கிராம் குறைக்கப் பாடுபட்டவர், கடைசியில் ஸ்பிரே துப்பாக்கியால் 18 கிராமைத் திருப்பி ஏற்றுவது வேடிக்கைதான்.

ஆனால் இந்தக் கணக்கு, அதிர்ந்து ஓசை எழுப்பும் மேல்பலகைக்கு மட்டுமே பெரிதாகப் பொருந்தும். பின்பலகையிலும் பக்கப்பலகையிலும் பூச்சு கொஞ்சம் கனத்தாலும் ஓசையில் பெரிய வேறுபாடு தெரியாது. அங்கே உரசலும் வியர்வையும்தான் பிரச்சினை. கழுத்தில் கை வழுக்கிச் செல்ல வேண்டும். ஒரு கிட்டாருக்கு ஒரே பூச்சு என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பூசும் வேலை

அரக்குக்குக் கருவிச் செலவு கிட்டத்தட்ட இல்லை, பொறுமைதான் செலவு. மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 20 கிராமை 100 மி.லி. எத்தனாலில் ஓர் இரவு ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். எத்தனாலில் தண்ணீர் கலந்திருந்தால் பூச்சு வெளுத்துப்போகும். மெத்தனால் சேர்த்த ஸ்பிரிட் நஞ்சு. மணிக்கணக்காகக் கையில் பிடித்துத் தேய்க்கும் வேலைக்கு அது வேண்டாம். கரைசலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அரக்கு ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து, பிறகு பூசினால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். பள்ளம் விழுந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

உள்ளே கம்பளி, வெளியே மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டிய பழைய பருத்தித் துணி: இதுதான் பொட்டலம். கரைசல் ஊட்டி, வழுக்குவதற்கு முகத்தில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு, வட்டமாகவும் எட்டு வடிவிலும் தேய்க்க வேண்டும். பொட்டலம் பலகையில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் அடிப்பூச்சு கரைந்து, துணியின் நெசவு பதிந்துவிடும். இறங்கும்போதும் ஏறும்போதும் விமானம் மாதிரி சாய்வாகத்தான். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில மணி நேரம் விட்டு, பத்துப் பதினைந்து சுற்று தேவைப்படும். கடைசியில் ஆல்கஹால் மட்டும் தொட்ட, ஏறக்குறைய உலர்ந்த பொட்டலத்தை மர ரேகை வாக்கில் நேராக ஓட்டி எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். இதில் சோம்பினால், முதல் நாள் கண்ணாடியாக மின்னியது சில வாரத்தில் மங்கும்.

என்.சி. லேக்கர் இதற்கு நேர் எதிர்: பூசுவது சீக்கிரம், காத்திருப்பது நீளம். நாளுக்கு மூன்று பூச்சு, இரண்டு மணி நேர இடைவெளியில், மொத்தம் எட்டு முதல் பத்து. நடுவே ஒருமுறை 400 உப்புத்தாளால் மட்டம் பார்க்கலாம். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதால் அடுக்குத் தெரியாது. பிறகு மூன்று நான்கு வாரம் தொடாமல் தொங்கவிட வேண்டும். அவசரப்பட்டு மெருகேற்றினால், தின்னர் வெளியேற வெளியேறப் படலம் சுருங்கி மர ரேகை மேலே எழும்பும். இறுகிய பின் 800, 1200, 2000 உப்புத்தாள், பிறகு பஃபிங். விளிம்புகளில் பூச்சு எளிதில் தேய்ந்து மரம் எட்டிப் பார்க்கும். அங்கே கடைசித் தாளை மட்டும் லேசாக ஓட்டினால் போதும். ஈரமாகத் தேய்க்கும்போது, தந்தியை முறுக்கும் டியூனரின் திருகுத் துளைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதிப் பூச்சு கிளம்பும். துளைகளை முன்பே அடைத்துவிடுங்கள்.

காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் லேக்கர் பால் பூத்தது போல வெளுக்கும். மெதுவாக ஆவியாகும் தின்னர் கொஞ்சம் சேர்த்தால் பெரும்பாலும் தெளியும். அதைவிட அன்று வேலையை நிறுத்துவது நல்லது. சிலிக்கான் கலந்த மெருகுப் பொருள் பட்ட இடத்தில் சிறு குழிகள் விழும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும், மூளையையும் நுரையீரலையும் தாக்கும். தீப்பொறி வராத வெளியேற்று விசிறியும், கரிம ஆவிக்கான முகமூடியும் இல்லாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எண்ணெய்ப் பூச்சு என்றால் பதப்படுத்திய ஆளிவிதை எண்ணெய் வகை. துணியால் தொட்டு மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, ஒருநாள் காயவிட வேண்டும். கழுத்துக்கு மூன்று நான்கு பூச்சு போதும். ஆனால் ஸ்ப்ரூஸில் நேரடியாகப் பூசினால் உறிஞ்சித் திட்டுத்திட்டாக நிற்கும். ஈட்டி மரத்திலோ மரத்தின் சொந்த எண்ணெய் இதைக் காயவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முதலில் மெல்லிய அரக்குப் பூச்சு. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி எறிந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

வார்னிஷும் எண்ணெய்க் குடும்பம்தான், கடினம் அதிகம். ஆனால் அடுக்குகள் ஒன்றோடொன்று கரையாததால், மெருகேற்றும்போது ஒரு அடுக்கைத் துளைத்துவிட்டால் வரைபடக் கோடு மாதிரி விளிம்பு தெரியும். நீர் சார்ந்த லேக்கரில் நாற்றம் குறைவு, ரேகை புடைக்கும், அடர்நிற மரத்தில் லேசாக நீலம் தட்டும். புற ஊதா ஒளியில் இறுகும் பாலியெஸ்டர் தொழிற்சாலை வேலை. கையால் செய்கிறவருக்குத் தேவையில்லை.

துளை அடைப்பு

பூச்சின் பெயரைவிட, மரத்தின் நுண்துளைகளை நிரப்பி மட்டமாக்கும் இந்த வேலைதான் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்ப்ரூஸுக்குத் தேவையில்லை. மகோகனிக்கும் ஈட்டிக்கும் கட்டாயம். அரக்கோடு புமிஸ் (நுரைக்கல்) தூளைத் தேய்த்து அடைப்பது பழைய முறை. அழகுதான், ஆனால் ஈட்டியின் கருஞ்சாயம் கரைந்து உடலின் விளிம்பில் ஒட்டிய வெளிர் பைண்டிங் பட்டை மேல் ஏறும். பைண்டிங்கைத் தூரிகையால் அரக்குப் பூசிக் காத்துக்கொள்ள வேண்டும். எபாக்ஸி பிசினைப் பழைய அட்டையால் வழித்து இரண்டு மெல்லிய பூச்சாகப் போட்டு, முழுதும் இறுகியபின் 320 வரை தேய்ப்பது எளிது. பிறகு அமுங்குவதும் குறைவு. எங்கள் ஓட்டு எபாக்ஸிக்கே.

உழைப்பும் பழுதும்

முழங்கை படும் இடத்தில் அரக்கு முதலில் மங்கும். வியர்வையும் ஆல்கஹாலும் வெயிலில் நிற்கும் காரும் அதற்கு எதிரி. லேக்கர் கூடுதலாகத் தாங்கும். ஆனால் திடீர்க் குளிரில் நூல் விரிசல் விடும். ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் மாட்டிவைத்தால் இளகிக் கறை படியும். பழுது பார்ப்பதில் அரக்குக்கு இணை இல்லை: பத்து ஆண்டு கழித்தும் புதிய கரைசல் பழையதில் கரைந்து கலக்கும். லேக்கரும் கலக்கும், ஆனால் மறுபடி ஸ்பிரே வேண்டும். எண்ணெயைத் தேய்த்துப் பூசினால் முடிந்தது. பாலியெஸ்டரில் சில்லு பெயர்ந்தால் சூப்பர் குளூ விட்டு மட்டமாகத் தேய்ப்பதுதான் வழி.

ஸ்பிரே வசதி இல்லாதவர் உடலுக்கு அரக்கு, கழுத்துக்கு எண்ணெய் என்று போவதே சரி. மேடையில் வேர்க்க வேர்க்க வாசிப்பவருக்குச் செய்யும் எஃகுத் தந்திக் கிட்டார் என்றால் லேக்கர். மேல்பலகையில் மட்டும் இரண்டு பூச்சைக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பூச்சானாலும், தந்திகளை மேல்பலகையில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ் உட்காரும் இடம் வெற்று மரமாக இருக்க வேண்டும். லைட் கேஜ் (மெல்லிய ரக) எஃகுத் தந்திகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பூச்சின் மேல் ஒட்டிய பிரிட்ஜ் ஒருநாள் பெயரும். பூசும் முன்பே அந்த இடத்தை, விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளி டேப்பால் மறைத்துவிட்டு, ஒட்டும் நாளில் மிச்சத்தை உளியால் சுரண்டுங்கள். லேக்கர் முழுதாக இறுகும் முன் கிளாம்ப் போட்டால் அதன் தடம் அப்படியே பதியும். அடியில் ஒரு தக்கைத் துண்டு வைத்தாலும் மூன்று வாரம் காத்திருப்பதற்கு அது ஈடாகாது.