தோல் போஸ்டிங்குக்கு டெர்ம்நெட்: என் அனுபவம்

பினாங்கில் மெடிசின் படிக்கிறேன். போஸ்டிங் என்றால் மருத்துவமனையில் ஒரு பிரிவுக்குப் பயிற்சிக்குப் போவது. தோல் நோய்களுக்கு எங்கள் டைம்டேபிளில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான், மீதியை ஆன்லைனில்தான் தேற்றிக்கொள்ள வேண்டும். எனக்குக் கைகொடுத்தது டெர்ம்நெட். நியூசிலாந்துத் தோல் மருத்துவர்கள் 1996இல் தொடங்கிய தளம். காசு வேண்டாம், போனிலேயே படிக்கலாம்.

எங்கள் செட்டில் சிலர் ரிங்கிட் கட்டி ஒரு வீடியோ கோர்ஸில் சேர்ந்தார்கள். பாதித் திரையில் வாத்தியார் முகம், மூலையில் தீப்பெட்டி அளவுக்குப் படை. அதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

டெர்ம்நெட்டில் முதலில் பார்க்க வேண்டியது நோய்களை அல்ல, தோலில் தெரியும் மாற்றத்தை விவரிக்கச் சொல்லித்தரும் பக்கத்தை. தட்டையாக இருந்தால் மேக்யூல், சின்ன மேடு பாப்யூல், அகன்ற மேடு பிளாக் (plaque), நீர் கோத்தால் வெசிக்கிள். இந்தச் சொற்கள் வாயில் வந்துவிட்டால் ஸ்பெஷலிஸ்ட் முன்னால் நாக்கு ஒட்டாது. அப்புறம் குவிஸ். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் தெரிவதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

நிறத்தில் மட்டும் கவனம். சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் நோய்) என்றதும் ரோஜா நிறத்தைத் தேடாதீர்கள். நம்மவர் தோலில் அது ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தோல் வகைகளைப் பிரித்தபோதே வெள்ளைத் தோலை வைத்துத்தான் தொடங்கினார், ஐந்தாம் ஆறாம் வகைகள் பிறகு சேர்ந்தவை. அதனால் கருந்தோல் படங்களைத் தேடிப்பிடித்துப் பாருங்கள்.

படத்தால் ஆகாத காரியமும் உண்டு. பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக்கில் ஒரு பாட்டி. இடுப்பில் படை, ஆனால் குவிஸில் பார்த்த அந்த அழகான வளைய ஓரம் இல்லை.

"என்ன பூசுனீங்க பாட்டி?" என்று டாக்டர் கேட்டார்.

"மகன் வாங்கிக் கொடுத்த கிரீம்தான் டாக்டர். பூசுனா அரிப்பு நிக்குது, விட்டா மறுபடியும் வருது."

அந்தக் கிரீமில் இருந்தது ஸ்டீராய்டு. பூஞ்சைப் படையின் ஓரத்தை அது அழித்துவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். டாக்டர் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைக் காட்டினார். இப்படி ஸ்டீராய்டால் உருமாறிய படைக்கு டீனியா இன்காக்னிட்டோ என்ற பக்கம் டெர்ம்நெட்டிலேயே இருக்கிறது. ஆனால் 'என்ன பூசினீர்கள்' என்று எந்தக் குவிஸ் படத்தையும் கேட்க முடியாதே.

வெளிறிய தேமலும் அப்படித்தான். போட்டோவில் பானாவ் (பூஞ்சைத் தேமலுக்கு மலாய்ப் பெயர்) மாதிரி இருப்பது தொழுநோயாகவும் இருக்கலாம். பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

போஸ்டிங்குக்கு முன்னால் விவரிப்புப் பக்கத்தையாவது முடித்துவிட்டுப் போங்கள். மருக்களை வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முந்தின இரவு பார்த்துக்கொள்ளலாம்.