டைனமோ ஹப்பா, பவர் பேங்க்கா?

சைக்கிளின் லைட்டுக்கும் போனுக்கும் மின்சாரம் வேண்டி, முன்சக்கரத்தில் டைனமோ ஹப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் பவர் பேங்க் கட்சி. கட்சி மாறியவன் பேச்சு என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

டைனமோ என்றால் டயரில் உரசிக் கிர்ரென்று கத்துமே, அந்தக் காலத்துச் சமாசாரம் அல்ல. காந்தமும் கம்பிச்சுருளும் ஹப்புக்குள்ளேயே, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும். சக்கரம் சுற்றினால் 6 வோல்ட், 3 வாட், சத்தமே வராது. விலையிலும் எளிமையிலும் பவர் பேங்க்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. ஹப், ரிம், ஸ்போக், லைட், சார்ஜர் எல்லாம் சேர்த்து என் முதல் சைக்கிளின் விலையைத் தாண்டிவிட்டது.

பிறகு ஏன் மாறினேன்? தூக்கத்துக்காக.

டூர் டிவைட், ட்ரான்ஸ்கான்டினென்டல் மாதிரி நெடுந்தூர சைக்கிள் பந்தயங்களில் பின்னால் வண்டி வராது, கை கொடுக்க ஆளும் கிடையாது. டூர் டிவைடில் கனடாவின் பான்ஃப் ஊரில் கிளம்பினால் மெக்சிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ் வரை, 4,300 கி.மீ.க்கு மேல், கடிகாரம் நிற்காமல் ஓடும். சாப்பிட உட்கார்ந்தாலும் ஓடும், கண் அசந்தாலும் ஓடும். 2019 ட்ரான்ஸ்கான்டினென்டலில் ஃபியோனா கோல்பிங்கர் என்ற பெண் பல்கேரியாவின் பர்காஸிலிருந்து பிரான்ஸின் பிரெஸ்ட் வரை சுமார் 4,000 கி.மீ.யைப் பத்து நாளும் சில மணி நேரமுமாக முடித்து, ஆண்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். முன்வரிசையில் ஓட்டுகிறவர்கள் இரவுக்கு மூன்று நான்கு மணி நேரம் தூங்கினாலே அதிகம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது 74 வாட் மணி. வழியில் வீணாவது போக ஐம்பது சொச்சம் கைக்கு வரும். ராத்திரி முழுக்க எரியும் லைட், ஜி.பி.எஸ்., போன் என்று போனால் இரண்டு இரவில் காலி. அதைச் சாதாரண 18 வாட் சார்ஜரில் நிரப்ப ஐந்து மணி நேரம் ஆகும். நீங்கள் எழுந்துவிடுவீர்கள், அது எழுந்திருக்காது. வேகமான சார்ஜர் இருந்தால் நேரம் பாதிக்கும் கீழே குறையும், நிஜம்தான். ஆனால் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் படுக்க வேண்டும் என்ற கட்டாயம் போகாது. டூர் டிவைடில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து கிரேட் பேசின் பகுதியில் 200 கி.மீ.க்குக் கடையே கிடையாது. பிளக்குக்கு எங்கே போக?

எனக்கு இது புரிந்தது வயோமிங்கில் அல்ல, விராலிமலை தாண்டி ஒரு டீக்கடையில். பி.ஆர்.எம். என்று கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் சவாரி அது: 600 கி.மீ., 40 மணி நேரக் கெடு, இரண்டாவது இரவு. லைட் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"போடுங்க தம்பி. கரண்டு இருந்தா ஏறும்."

கடையில் இருந்த ஒரே பிளக்கிலிருந்து தன் டேபிள் ஃபேனைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். அடுத்த கால் மணி நேரத்தில் கரண்டு போனது. இருட்டில் அவர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது, ஓட்டியிருக்கலாம்.

டைனமோவில் இந்த உட்காரல் இல்லை. பகலில் ஒரு சின்னப் பவர் பேங்க்கை நிரப்பும், இரவில் லைட்டை எரிக்கும். எங்கே தூக்கம் வருகிறதோ அங்கே படுக்கலாம். ஜி.பி.எஸ்ஸை மட்டும் அதில் நேரடியாகச் செருகாதீர்கள். வேகம் குறைந்த ஒவ்வொரு முறையும் 'மின்சாரம் போய்விட்டது, அணைக்கவா?' என்று நச்சரிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மணிக்கு 12, 15 கி.மீ. வேகத்துக்குக் கீழே சார்ஜ் ஏறுவது அநேகமாக நின்றுவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டு கி.மீ. வேகத்தில் ஏறும்போது லைட்டே துடிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க ஏற்றமும் சேறுமாக இருக்கும் பாதையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கையில், இது வெறும் கனமான ஹப்தான். பவர் பேங்க் மட்டும் போதும் என்று சில வேகக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பராமரிப்பு? சக்கரம் கோர்த்து பெண்டு எடுத்த மெக்கானிக் அண்ணன், ஹப்பைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங் போயிருக்கு சார், இடிக்குது" என்றார். காந்தம் இழுப்பதால் அப்படித்தான் தட்டித் தட்டிச் சுற்றும் என்று நம்பவைக்க ஒரு டீ செலவானது. நிஜமாகவே பேரிங் போனால் அவர் கடையில் திறந்து பார்க்கக்கூடிய பொருள் அல்ல இது. எனக்கு இதுவரை ஒரு தடவை ஹப்பில் செருகும் ஒயர் மழையில் கழன்றதோடு சரி. ஆனால் நான் ஒரே மூச்சில் ஓட்டிய அதிகபட்சம் 1,000 கி.மீ.தான், 4,000 ஓட்டியவர் வேறு கதை சொல்லலாம்.

200, 300 கி.மீ. பி.ஆர்.எம். மட்டும் ஓட்டுகிறவர் இந்தப் பக்கமே வர வேண்டாம், ஒரு நல்ல பவர் பேங்க் போதும். விமானத்தில் போவதானால் அதைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள்.