பிளேமிங் கார்ஜ் அணை: குளிர்காலத்தில் ஏற்றி இறக்குவதா, சீராக விடுவதா?

நீரியல் படிப்பின் கடைசிப் பருவத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரீன் ஆற்றின் குறுக்கே நிற்கும் பிளேமிங் கார்ஜ் அணைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீர்வெளியீட்டு அட்டவணை போட வேண்டும். மின்தேவை எகிறும் நேரங்களில் அதிகமாகத் திறந்து, மற்ற நேரங்களில் குறைப்பது ஒரு வழி. இரவு பகல் பாராமல் ஒரே அளவில் விடுவது இன்னொரு வழி. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இன்றும் அந்தக் கட்சிதான். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏற்றி இறக்குவதன் லாபத்தை விளக்கத் தேவையில்லை. அதே தண்ணீர், ஏறக்குறைய அதே மின்சாரம், விற்கும் நேரம் மட்டும் விலை கூடிய நேரம். மூன்று டர்பைன்களும் முழுமூச்சாக ஓடினால் விநாடிக்குச் சுமார் 4,600 கன அடி. குறைந்தபட்ச வெளியீடு 800 கன அடி. நடுவே விளையாட நிறைய இடம் இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இரண்டு அங்குலம்கூட வளராத ஒரு மீன்குஞ்சு. கொலராடோ பைக்மின்னோ ஒரு காலத்தில் ஆறடி வரை வளர்ந்த மீன்; இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். அணைக்குக் கீழே கிரீன் ஆற்றோடு சேரும் கிளையாறு யாம்பா. கோடையில் அதன் பள்ளத்தாக்கில் இந்த மீன் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து வந்து, கிரீன் ஆற்றில் இன்னும் கீழே உள்ள ஜென்சன், ஊரே (Ouray) என்ற ஊர்ப் பகுதிகளில் மணல்திட்டுகளின் ஓரத்தில் நிற்கும் ஆழமற்ற தேங்கல்களில் ஒதுங்குகின்றன. முதல் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்க வேண்டும்.

அந்தத் தேங்கலின் அமைப்பு எளியது. வெள்ளம் வடியும்போது கிளை வாய்க்காலின் மேல்முனை மணலால் அடைபட்டு, கீழ்முனை மட்டும் ஆற்றோடு ஒட்டியிருக்கும். ஆற்றின் மட்டம் கொஞ்சம் ஏறினால் மேல்முனை வழியாகக் குளிர்ந்த நீரோட்டம் உள்ளே பாயும், தேங்கல் வாய்க்காலாகிவிடும். கொஞ்சம் இறங்கினால் தண்ணீர் வடிந்து சேறு தெரியும். இரண்டு நிலையிலும் குஞ்சு இடம் மாறியாக வேண்டும். உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் அதற்கு இரை கிடைப்பது அரிது. இலையுதிர் காலத்தில் உடலில் சேர்த்த கொழுப்பே கையிருப்பு. ஒவ்வொரு இடமாற்றமும் அந்தக் கையிருப்பிலிருந்து ஒரு செலவு. மட்டம் ஏறி இறங்கும்போது மேலே உறைந்த பனிப்பாளமும் உடைந்து நகரும். ஒரு முறை நடந்தால் தாங்கிக்கொள்ளும். தினமும் இரண்டு முறை என்று மூன்று மாதம் நடந்தால்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் தூரம். அணையிலிருந்து ஜென்சன் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அணையடியில் செங்குத்தாக எழும் அலை அவ்வளவு தூரம் ஓடிவரும்போது தட்டையாகிவிடும். உண்மைதான், என் கணக்கிலும் அப்படியே வந்தது. ஆனால் தட்டையாவது வேறு, மறைந்துபோவது வேறு. வசந்தத்தில் யாம்பாவின் பனியுருகு வெள்ளம் அணையின் ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். குளிர்காலத்தில் யாம்பா சுருங்கிப்போகிறது. அப்போது ஜென்சனில் ஓடுவது பெரும்பாலும் அணை விட்ட தண்ணீர்தான். அலையை மறைக்க வேறு தண்ணீர் இல்லை.

இந்த அணைக்காக 2000இல் வெளியான பரிந்துரைகள், ஜென்சனில் ஒரு நாளின் மட்ட மாற்றம் 0.1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றன. அரைச் சாண் அளவு! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சரிவே இல்லாத மணல்திட்டில் அரைச் சாண் உயரம் எவ்வளவு பரப்பை மூழ்கடிக்கும் என்று வரைந்து பார்த்த பிறகு சிரிக்கவில்லை. அந்த வரம்புக்குள் நின்று கொஞ்சம் ஏற்றி இறக்கலாம் என்பது ஒரு சமரசம். என் அட்டவணையில் அதையும் தவிர்த்தேன்.

சீராக விடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. வசந்த வெள்ளத்தைத் தேக்கிவைத்துக் குளிர்காலத்தில் விடுவதால், அணைக்கு முந்தைய குளிர்கால ஆற்றைவிட இப்போது தண்ணீர் அதிகமாகவே ஓடும். மட்டம் அசையாமல் இருந்தாலும் உயரமாக நின்றால் மணல்திட்டே மூழ்கிவிடும்; பிறகு தேங்கலுக்கு எங்கே போவது? என் முதல் வரைவில் இந்தத் தவறைத்தான் செய்தேன். ஆகவே நான் சொல்லும் சீரான வெளியீடு தாழ்வாகவும் இருக்க வேண்டும். பைக்மின்னோ குஞ்சை மட்டும் வைத்துச் சொல்வது இது. அதே ஆற்றில் வாழும் இன்னொரு அரிய மீனான ரேசர்பேக் சக்கரில் வளர்ந்தவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் அந்த ஆற்றை நேரில் பார்த்தது ஒரே ஒரு கோடையில். பனிமூடிய கிரீன் ஆறு எனக்குப் படங்களிலும் அளவீடுகளிலும்தான் பழக்கம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரீன் ஆறும் அடங்கிய மேல் கொலராடோ ஆற்றுப் படுகையில் 1988 முதல் நடக்கும் மீன் மீட்புத் திட்டத்துக்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று இந்த அணை போன்ற அணைகளின் மின்வருமானம். குஞ்சைக் காக்கும் செலவில் ஒரு பங்கைக் குஞ்சைத் துரத்தும் அலை தருகிறது. எதிர்த்தரப்பு நண்பர் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒப்படைக்கும் நாளில் ஆசிரியர் கேட்டார்: "மின்கட்டமைப்பில் திடீர் நெருக்கடி வந்தால் உன் அட்டவணை என்ன செய்யும்?" அப்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். இறக்குவதை மட்டும் பல நாளுக்குப் பரப்பியிருந்தேன்.