குரோமுக்கு அடங்காத போலரைசர்: பழைய அமெரிக்க கார்களைப் படமெடுக்க சி.பி.எல். ஃபில்டர் தேவையா?

1959 காடிலாக்கின் பின்துடுப்பில் ராக்கெட் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டை விளக்குகள் போதும், சி.பி.எல். எனப்படும் போலரைசர் ஃபில்டரின் (லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றி, பரப்புகளின் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். சற்றுச் சாய்வாக நின்று வளையத்தைத் திருப்பினால், சிவப்பு பிளாஸ்டிக்கின் மேல் படர்ந்த வெள்ளைப் பளபளப்பு கரைந்து அடர்சிவப்பு மேலெழும். அதைத் தாங்கும் குரோமோ அசைந்தே கொடுக்காது. எதிரே நிற்பவரின் வெள்ளைச் சட்டையை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்.

பெயின்ட், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் போலரைசரால் வடிகட்ட முடியும். வெற்று உலோகத்திடம் அதன் பாச்சா பலிக்காது. 1957 செவ்ரலே பெல் ஏர் காரின் பின்பக்க அலுமினியப் பட்டைக்கும் இதே கதைதான். குரோமை நம்பி வாங்கினால் பணம் தண்டம். அதற்கு வைத்தியம் வேறு: கறுப்புச் சட்டை, 85 முதல் 135 மி.மீ. லென்ஸ், பம்பருக்கு நேரே நிற்காமல் விலகி நிற்பது.

பெயின்டில்தான் கொடுத்த காசு திரும்ப வருகிறது. பார்வைக்கோடு பரப்போடு ஏறக்குறைய 34 பாகை சாய்ந்திருக்கும்போது பலன் உச்சம். கதவுக்கு நேர் எதிரே நின்றால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. பலர் ஃபில்டர் பழுது என்று நினைப்பது இங்கேதான். இன்னொரு சிக்கல், பானெட் படுக்கைப் பரப்பு, கதவு செங்குத்துப் பரப்பு. ஒன்றைத் தெளியவைக்கும் நிலையில் மற்றொன்றின் பளபளப்பு முழுதாக நிற்கும். டிரைபாடில் வைத்து, வளையத்தை 90 பாகை திருப்பி இரண்டு ஷாட் எடுத்து, கணினியில் லேயர்களாக ஒட்டுவதே வழி.

ஆனால் பளபளப்பை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் வளைவுகள் களிமண்ணில் செதுக்கிப் பார்த்து உருவானவை. அந்த வளைவைக் கண்ணுக்குச் சொல்வதே மேலே ஓடும் ஒளிக்கோடுதான். அது போனால் கார் அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகிவிடும். முழுப் பலன் தெரியும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துவது நல்லது.

ஒளி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறையும்: ஷட்டர் வேகம் 1/250 நொடி இருந்த இடத்தில் 1/60. ஓடும் கார்களை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், அல்லது ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றுங்கள். டெம்பர்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியில் புள்ளிகளும் வானவில் திட்டுகளும் தெரிந்தால் அது ஃபில்டரின் குறையல்ல, கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம். லென்ஸ் 24 மி.மீ.க்குக் கீழே அகலக் கோணத்துக்குப் போனால் நீலவானம் ஒரு பக்கம் மட்டும் கருத்து அசிங்கமாகும்.

வாங்குவதானால் உங்களிடம் உள்ள மிகப் பெரிய லென்ஸின் முன்பக்க விட்ட அளவில், பெரும்பாலும் 77 மி.மீ., மெல்லிய சட்டம் கொண்ட ஒன்று போதும். சிறிய லென்ஸ்களில் அதையே மாட்ட ஸ்டெப்-அப் ரிங் என்ற இணைப்பு வளையம். அலுமினியத்தைவிடப் பித்தளை வளையம் குறைவாகவே இறுகும். அப்படியும் இறுகிக்கொண்டால் விரலால் நெருக்காமல், ரப்பர் பேண்டைச் சுற்றி மெதுவாகத் திருகுங்கள்.